5 லேசர் சென்சார், 1 நேனோ: முன் சென்சார் 25 செ.மீ.க்கு மேல் காட்டவே மாட்டேங்குது

வியாசர்பாடி_வயர்:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடப் பசங்களோட சேர்ந்து மேஸ் (சுவர் வெச்ச புதிர்ப்பாதை) ஓடுற ரோபோ ஒண்ணு செய்யறோம். சுவர் வெள்ளை பெயின்ட் அடிச்ச பிளைவுட், 20 செ.மீ. உயரம். பாதை அகலம் 30 செ.மீ. தரை ஹாலோட மொசைக் தரைதான். ரோபோ 16 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம்.

உள்ளே இருக்கிறது: ஆர்டுயினோ நேனோ கன்ட்ரோலர் போர்டு (சிஎச்340 யுஎஸ்பி சிப் போட்ட குளோன்), டிபி6612 மோட்டார் டிரைவர், என்20 கியர் மோட்டார் 2, 18650 செல் 2 சீரியலில். தூரம் பார்க்க விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சார் 5. முன்னாடி 1, இடது பக்கம் 2, வலது பக்கம் 2. பக்கத்து ஜோடி ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 9 செ.மீ. இடைவெளி. எல்லாமே தரையில இருந்து 3.5 செ.மீ. உயரத்துல இருக்கு. போர்டு ஜிஒய் வகை, ரிச்சி தெருவில வாங்கினது.

வயரிங்: 5 போர்டோட விஐஎன் (பவர் வாங்கற) காலும் நேனோவோட 3.3 வோல்ட் பின்னுக்குப் போகுது. ஐ2சி பேச்சுக்கான ரெண்டு வயர்ல எஸ்டிஏ ஏ4, எஸ்சிஎல் ஏ5. எக்ஸ்ஷட் கால் (சென்சாரை அணைச்சு எழுப்பறது) 4 சென்சாருக்கு மட்டும் கொடுத்திருக்கோம். பின் மிச்சம் பிடிக்கலாம்னு 5ஆவது சும்மா விட்டிருக்கு. புரோகிராம்ல எக்ஸ்ஷட்டை டிஜிட்டல்ரைட் ஹை, லோ கொடுத்து ஏத்தி இறக்குறோம். லைப்ரரி போலோலுவோடது, லாங் ரேஞ்ச் மோடு ஆன் பண்ணியிருக்கு.

பிரச்சினை மூணு.

பேட்டரி சுவிட்சைப் போட்டா பெரும்பாலும் 5 சென்சாரும் வருது. நேனோவோட ரீசெட் பட்டனை அழுத்தினா ஒண்ணு காணாம போகுது. மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் சில நேரம் எல்லாமே 65535 காட்டுது.

முன் சென்சார், எதிர்ச்சுவர் 80 செ.மீ. தள்ளி இருந்தாலும் 22லிருந்து 28 செ.மீ.க்குள்ளதான் சொல்லுது. பக்கத்து சென்சார்கள் அந்த மாதிரி இல்லை.

சாயங்காலம் 4 மணிக்கு மேற்கு ஜன்னல் வழியா வெயில் விழும்போது அளவு தாறுமாறா குதிக்குது, இல்லேன்னா 8190.

சென்சாரே போலியா? மாத்தணுமா? இல்ல புரோகிராமா?

---

ராயபுரம்_ராடார்:

தம்பி, சென்சார் போலின்னு சொல்ல இதுல எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தா ஒரே நிமிஷத்துல பார்த்துடலாம். ரெஜிஸ்டர் 192ஐப் படிங்க (டெசிமல் கணக்கு), 238 வரணும். வந்தா அது எல்0எக்ஸ்தான் (விஎல்53எல்0எக்ஸைச் சுருக்கமா இப்படிச் சொல்றேன்). அடுத்த மாடல் எல்1எக்ஸ் சிப்பா இருந்தா அதுக்கு ரெஜிஸ்டர் முகவரியே 16 பிட், எல்0எக்ஸ் லைப்ரரி அதோட பேசவே பேசாது. உங்களுக்கு அளவு வருது, அதனால சிப் சரி. முதல் பிரச்சினை முழுக்க வயரிங். அதுல மூணு தப்பு ஒண்ணு மேல ஒண்ணா உட்கார்ந்திருக்கு.

முதல்ல கரன்ட். எல்0எக்ஸ் அளக்கும்போது சராசரியா 19 மில்லி ஆம்ப் இழுக்கும், லேசர் அடிக்கிற நொடியில உச்சம் 40 மில்லி ஆம்ப் வரைக்கும் போகும். 5 சேர்ந்தா சராசரியே 95. நேனோவோட 3.3 வோல்ட் பின் தனி ரெகுலேட்டர்ல இருந்து வரலை, யுஎஸ்பி சிப்புக்குள்ள இருக்கிற குட்டி ரெகுலேட்டர்ல இருந்து வருது. அசல் நேனோவுலயே அதோட தாங்கு சக்தி 50 மில்லி ஆம்ப் அளவுதான். வோல்டேஜ் தொங்கி, மோட்டார் இழுப்பும் சேர்ந்தா சென்சார் செத்துப் பிழைக்குது. செத்துப் பிழைச்ச சென்சார் பழைய முகவரிக்குத் திரும்பிடும். நீங்க புது முகவரியில கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க, பதில் வராது, டைம்அவுட் ஆகி 65535. அது தூரம் கிடையாது, "பதில் இல்லை"ங்கிற சேதி.

விஐஎன்னை 5 வோல்ட்டுக்கு மாத்துங்க. ஜிஒய் போர்டுல 2.8 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கு, 5 வோல்ட் தாங்கும். ஆனா அந்த 5 வோல்ட்டையும் நேனோவோட ரெகுலேட்டர்ல எடுக்காதீங்க. செல் ரெண்டும் ஃபுல் சார்ஜ்ல 8.4 வோல்ட். 150 மில்லி ஆம்ப் எடுத்தாலே அந்தச் சின்ன சிப்புல அரை வாட் சூடு. எம்பி1584 மாதிரி ஒரு பக் கன்வெர்ட்டரை (வோல்டேஜைக் குறைச்சுக் கொடுக்கிற போர்டு) 5 வோல்ட்டுக்குத் திருகி வெச்சு, அதுலிருந்து நேனோ 5 வோல்ட் பின்னுக்கும் சென்சாருக்கும் கொடுங்க. திருகினதை மல்டிமீட்டர்ல பார்த்த பிறகுதான் இணைக்கணும். அந்தக் குட்டி ஸ்க்ரூ அரைச் சுத்து மாறினாலும் 5 வோல்ட் 7 ஆயிடும்.

ரெண்டாவது, எக்ஸ்ஷட்டுக்கு டிஜிட்டல்ரைட் ஹை கொடுக்கிறது. இதை இன்னைக்கே நிறுத்துங்க. பெரும்பாலான போர்டுகள்ல எஸ்டிஏ, எஸ்சிஎல் ரெண்டுக்கும்தான் லெவல் ஷிஃப்டர் (5 வோல்ட் சிக்னலைச் சிப்புக்கு ஏத்த மாதிரி குறைக்கிறது) இருக்கும். எக்ஸ்ஷட் நேரா சிப்புக்குள்ள போகும். அந்தக் காலோட எல்லை 3.6 வோல்ட், நேனோ ஹை கொடுத்தா 5. இதுவரைக்கும் எரியலைன்னா நல்ல காலம். லோ வேணும்னா பின்னை அவுட்புட் ஆக்கி லோ கொடுங்க. ஹை வேணும்னா பின்னை இன்புட்டா மாத்தி விட்டுடுங்க, போர்டுல இருக்கிற புல்-அப் ரெசிஸ்டர் அதை 2.8 வோல்ட்டுக்கு இழுத்துக்கும். இன்புட் புல்-அப் மோடு வேண்டாம், அது மறுபடியும் 5 வோல்ட்டை உள்ளே விடும். வெறும் இன்புட்.

மூணாவது, 5ஆவது சென்சாருக்கு எக்ஸ்ஷட் கொடுக்காதது. பவர் போட்டதும் எல்லா சென்சாரும் ஹெக்ஸ் 29ங்கிற ஒரே முகவரியில எழும். நாம மாத்தற முகவரி சிப்போட தற்காலிக நினைவுலதான் நிக்கும். நேனோவை ரீசெட் பண்ணா நேனோ மட்டும்தான் புதுசா தொடங்கும். எக்ஸ்ஷட் இல்லாத சென்சாருக்கு பவர் கட் ஆகலை, அதனால பழைய ஓட்டத்துல கொடுத்த முகவரியிலயே நிக்கும். புரோகிராம் 29ல தேடும், ஆள் இல்லை. "சுவிட்ச் போட்டா வருது, ரீசெட் அழுத்தினா வரலை"ன்னு யார் சொன்னாலும் காரணம் அநேகமா இதுதான்.

அதனால 5க்கும் எக்ஸ்ஷட் வயர். பின் போதலைன்னா ஏ0லிருந்து ஏ3 வரைக்கும் டிஜிட்டல் பின்னா பயன்படுத்தலாம். ஏ6, ஏ7ல மட்டும் போடாதீங்க, நேனோவுல அது ரெண்டும் அனலாக் இன்புட் மட்டும்தான், அவுட்புட் ஆகாது.

எழுப்புற வரிசை: முதல்ல 5 பின்னையும் அவுட்புட் லோ, 10 மில்லிசெகண்ட் காத்திருங்க. முதல் பின்னை இன்புட் ஆக்கி 10 மில்லிசெகண்ட். (டேட்டாஷீட் 1.2 மில்லிசெகண்ட்னுதான் சொல்லுது, இருந்தாலும் 10 வைங்க.) இப்ப அது ஹெக்ஸ் 29ல இருக்கும், இனிஷியலைஸ் பண்ணி முகவரியை ஹெக்ஸ் 30 ஆக்குங்க. அடுத்ததை எழுப்பி 31. இப்படியே கடைசி 34. கடைசி சென்சாரை 29லயே விட்டுடாதீங்க. 29 காலியா இருந்தாதான் ஓட்டத்துக்கு நடுவுல எதாவது ஒரு சென்சார் ரீசெட் ஆனா ஸ்கேன் பண்ணிக் கண்டுபிடிக்க முடியும்.

புல்-அப் ரெசிஸ்டரையும் பார்த்துடுங்க. போர்டுல 103னு இருந்தா 10 கிலோ ஓம். 5 போர்டு சேர்ந்தா 2 கிலோ ஓம், 5 வோல்ட்டுல 2.5 மில்லி ஆம்ப், ஐ2சி எல்லையான 3க்குள்ள இருக்கு. 472னு இருந்தா 4.7 கிலோ. 5 சேர்ந்தா 940 ஓம், 5 மில்லி ஆம்ப் தாண்டிடும், லைன் சரியா கீழே இறங்காது. அப்ப 2 போர்டுல மட்டும் விட்டுட்டு மத்த 3லயும் சால்டரிங் அயர்ன் வெச்சு ரெசிஸ்டரைத் தூக்கிடுங்க.

மோட்டார் டெர்மினல் ரெண்டுக்கும் குறுக்கே 104 செராமிக் கெப்பாசிட்டர் ஒண்ணு, மோட்டார் மேலேயே சால்டர் பண்ணணும், டிரைவர் பக்கம் இல்லை. சென்சார் 5 வோல்ட் லைன்ல 470 மைக்ரோஃபாரட் ஒண்ணு. ஐ2சி வயர் 20 செ.மீ.க்குள்ள, மோட்டார் வயரோட சேர்த்துக் கட்டாம வேற பக்கமா கொண்டுபோங்க.

---

பெரம்பூர்_லோகோ:

ராடார் அக்கா வயரிங்கை முடிச்சிட்டாங்க. ரெண்டாவது பிரச்சினைக்கு சென்சார் மேல பழி போடாதீங்க, அது உண்மையைத்தான் சொல்லுது. அது பார்க்கிறது உங்க மொசைக் தரையை.

லேசர்னு பேர் இருக்கிறதால ஊசி மாதிரி ஒரே கோடா போகும்னு நினைச்சு மாட்டறதுதான் இந்த சென்சார்ல நடக்கிற முதல் தப்பு. எல்0எக்ஸ் பார்க்கிறது 25 டிகிரி கூம்பு, டார்ச் வெளிச்சம் விரியற மாதிரி. 30 செ.மீ. தள்ளி 13 செ.மீ. வட்டம், 1 மீட்டர் தள்ளி 44 செ.மீ. வட்டம். அந்த வட்டத்துக்குள்ள எது எதுலிருந்து வெளிச்சம் திரும்பி வருதோ எல்லாத்தையும் கலந்து ஒரே ஒரு எண்ணா சொல்லும். கிட்ட இருக்கிற பொருள்ல இருந்து வெளிச்சம் அதிகமா திரும்பும், அதனால பதில் அந்தப் பக்கமா சாயும்.

கணக்கு போடுங்க. கூம்போட பாதி 12.5 டிகிரி. சென்சார் உயரத்தை 4.5ஆல பெருக்கினா கூம்போட அடி விளிம்பு தரையைத் தொடுற தூரம் வரும். உங்க 3.5 செ.மீ. உயரத்துக்கு 16 செ.மீ. அதுக்கு அப்புறம் பாதி பார்வை தரையிலதான். 80 செ.மீ. தள்ளி இருக்கிற சுவரைவிட 16லிருந்து 40 செ.மீ. வரைக்கும் இருக்கிற தரை கொடுக்கிற வெளிச்சம் ஜாஸ்தி. 25ன்னு பதில் வராம என்ன வரும்?

பக்கத்து சென்சார் ஏன் தப்பிச்சுது? 30 செ.மீ. பாதையில 12 செ.மீ. ரோபோ நடுவுல போனா சுவர் 9 செ.மீ. தூரம். கூம்பு தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே சுவரைத் தொட்டுடுது. ஆனா சந்து திறக்கிற இடத்துல அதுவும் மாட்டும். பக்கத்துல சுவர் இல்லாதப்போ பெரிய எண் வரும்னு எதிர்பார்ப்பீங்க, தரையைப் பார்த்துட்டு 20 செ.மீ.ன்னு சொல்லும். "30க்குக் கீழே இருந்தா சுவர் உண்டு"ன்னு புரோகிராம் எழுதியிருந்தா சந்தையே பார்க்காம தாண்டிப் போகும். சுவர் உண்டா இல்லையாங்கிற எல்லையை 15 செ.மீ.ல வைங்க.

முன் சென்சாரை மட்டும் 6 செ.மீ. உயரத்துக்கு ஏத்தி, மூக்கை 5 டிகிரி மேல தூக்குங்க. இப்ப கூம்போட அடி விளிம்பு 7.5 டிகிரிதான் கீழே பார்க்கும், தரையைத் தொடுறது 45 செ.மீ. தள்ளி. அவ்வளவு தூரத்துல சாய்வா விழுற வெளிச்சம் தரையிலிருந்து ரொம்பக் கொஞ்சம்தான் திரும்பும், வெள்ளைச் சுவர் அதை ஜெயிச்சுடும். 80 செ.மீ.ல நடுக்கோடு 13 செ.மீ. உயரத்துல சுவரைத் தொடும், சுவர் 20 செ.மீ., சரியா இருக்கு. 10 டிகிரி தூக்கிடலாமேன்னு தோணும். வேண்டாம், 80 செ.மீ.ல நடுக்கோடே சுவரோட தலையைத் தாண்டப் பார்க்கும். 5 டிகிரிக்கு அளவுகோல் தேடாதீங்க: போர்டு உயரம் 2 செ.மீ.ன்னா அடிப்பக்கத்தை மேல்பக்கத்தைவிட 1.7 மி.மீ. முன்னாடி தள்ளணும். ஒரு எம்3 வாஷர் 0.5 மி.மீ., 3 அல்லது 4 வெச்சா போதும்.

சென்சார் முகம் சேசிஸ் விளிம்போட சமமா இருக்கட்டும். முன்னாடி பம்பர், வயர், கேபிள் டை வால் எது நீட்டிக்கிட்டு இருந்தாலும் கூம்புக்குள்ள மாட்டும்.

அப்புறம் இன்னொண்ணு. சிப் மேல ஒட்டியிருக்கிற பாதுகாப்பு ஃபிலிமை உரிச்சாச்சா? மஞ்சளா இருந்தா கண்ணுக்குத் தெரியும். நிறமில்லாததா இருந்தா தெரியாது, நகத்தால ஓரத்தைக் கிளறிப் பாருங்க. அது இருந்தா எல்லா அளவும் குறைவாத்தான் வரும்.

---

வியாசர்பாடி_வயர்:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பக் கன்வெர்ட்டர், 5 எக்ஸ்ஷட், இன்புட் முறை எல்லாம் மாத்தியாச்சு. ரீசெட் எத்தனை தடவை அழுத்தினாலும் 30லிருந்து 34 வரை எல்லாம் வருது. ஃபிலிம் ரெண்டு சென்சார்ல இருந்தது, உரிச்சாச்சு. முன் சென்சார் 80 செ.மீ. சுவருக்கு 78, 79ன்னு சொல்லுது.

இப்ப ரெண்டு கேள்வி. வேகம் செகண்டுக்கு 0.4 மீட்டர் வெச்சா திருப்பத்துல லேட்டா பிரேக் பிடிக்குது. லூப் ஒரு சுத்து 165 மில்லிசெகண்ட் ஆகுது. அப்புறம் அந்த 4 மணி வெயில்.

---

மணலி_மைக்ரான்:

165 எங்கிருந்து வருகிறது என்பது எண்ணிலேயே இருக்கிறது: 33 பெருக்கல் 5. நீங்கள் சிங்கிள் ரீட் முறையில் ஒவ்வொரு சென்சாராக அளக்கச் சொல்லிக் காத்திருக்கிறீர்கள். ஒன்று அளக்கும்போது மற்ற நான்கும் சும்மா நிற்கின்றன. 0.4 மீட்டர் வேகத்தில் 165 மில்லிசெகண்டில் ரோபோ 6.6 செ.மீ. நகர்ந்துவிடும். பிரேக் லேட்டாகாமல் எப்படி?

தொடக்கத்திலேயே ஐந்துக்கும் ஸ்டார்ட் கன்டினியூவஸ் கொடுத்துவிடுங்கள். ஐந்தும் தத்தம் கடிகாரத்தில் ஒரே நேரத்தில் அளந்துகொண்டே இருக்கும். அப்போது 33 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஐந்து அளவும் புதிதாகக் கிடைக்கும், இடையில் ரோபோ நகர்வது 1.3 செ.மீ. போலோலு லைப்ரரியின் கன்டினியூவஸ் ரீட் கட்டளையும் அளவு தயாராகும் வரை நின்று காத்திருக்கும் என்பதைக் கவனியுங்கள். காத்திருக்க வேண்டாம் என்றால் ரெஜிஸ்டர் 19ஐப் படியுங்கள் (இங்கு சொல்லும் ரெஜிஸ்டர் எண்கள் எல்லாம் டெசிமல்). அதன் கடைசி 3 பிட் பூஜ்யமாக இல்லையென்றால் அளவு தயார். தயாராக இருக்கும் சென்சாரை மட்டும் படித்துவிட்டு மோட்டார் வேலையைப் பாருங்கள். ஐ2சி வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸ் ஆக்க மறக்காதீர்கள், ஆர்டுயினோ தானாக 100இல்தான் தொடங்கும்.

டைமிங் பட்ஜெட்டை (ஓர் அளவுக்கு சிப் எடுத்துக்கொள்ளும் நேரம்) 20 மில்லிசெகண்ட் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே சிப் இறங்காது. ஆனால் குறைத்தால் அளவின் நடுக்கம் கூடும். முன் சென்சாருக்கு 20, பக்கத்து நான்குக்கும் 33 என்று வைத்துப் பாருங்கள். பக்கத்து அளவுகளைக் கழித்துக் கோணம் பார்க்கப் போகிறீர்கள், அங்கே நடுக்கம் கூடாது.

அளவு தயார் என்று சொல்லும் ஜிபிஐஓ1 காலை நேனோவின் இன்டரப்ட் பின்னில் கொடுக்கலாமே என்று தோன்றும். பல போர்டுகளில் அது 2.8 வோல்ட்டில் நிற்கும் கால். 5 வோல்ட்டில் ஓடும் நேனோ, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் ஹை என்று உறுதியாக ஏற்கும். இஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் போர்டில் இந்தத் தொல்லை இல்லை.

இனி வெயில். இந்த சென்சார் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் வெளிச்சம் அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்கும் டயோடுகளால் அளக்கிறது. 1 மி.மீ. தூர வித்தியாசம் என்பது 6.7 பிகோசெகண்ட். ஓர் அளவு என்பது ஏராளமான துடிப்புகளைக் கூட்டிப் பார்த்து எடுக்கும் முடிவு. காற்றின் நீராவி 940 சுற்றுவட்டாரத்தைக் கொஞ்சம் விழுங்குவதால் சூரிய ஒளியில் அங்கே ஒரு பள்ளம் உண்டு. அந்த அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்ததில் அது பெரிய அனுகூலம். ஆனாலும் நேரடி வெயில் விழுந்த வெள்ளைச் சுவரிலிருந்து வரும் வெளிச்சம் லேசரின் சிறு துடிப்பை மூழ்கடித்துவிடும். டேட்டாஷீட் கணக்கில் மேகமூட்டமான வெளிப்புறத்திலேயே வெள்ளைப் பரப்புக்கு 80 செ.மீ., சாம்பல் நிறத்துக்கு 50 செ.மீ. தான். நம் ஊர் வெயில் மேகமூட்டம் இல்லை.

உங்கள் விஷயத்தில் நிலைமையைக் கெடுப்பது லாங் ரேஞ்ச் மோடு. அது செய்வது இரண்டு வேலை: திரும்பி வரும் வெளிச்சத்தின் குறைந்தபட்ச எல்லையை 0.25இலிருந்து 0.1 ஆகத் தாழ்த்துகிறது, லேசர் துடிப்புக் காலத்தை 14, 10 என்பதிலிருந்து 18, 14 ஆக நீட்டுகிறது. அதாவது பலவீனமான எதிரொலியையும் நம்பச் சொல்கிறது. இருட்டறையில் 2 மீட்டர் பார்க்க அது நல்லது. ஜன்னல் வெளிச்சத்தில் அதே அமைப்பு குப்பையையும் தூரம் என்று ஏற்றுக்கொள்ளும். உங்கள் மேஸில் 1 மீட்டருக்கு மேல் பார்க்கும் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, தூரத்தை மட்டும் படித்து நம்பும் பழக்கம். ரெஜிஸ்டர் 20இலிருந்து 12 பைட் ஒன்றாகப் படியுங்கள். முதல் பைட்டின் 3இலிருந்து 6 வரையிலான பிட்களை எடுத்தால் அளவின் நிலை கிடைக்கும். அது 11 என்றால் அளவு செல்லும், வேறு எது வந்தாலும் தூக்கிப் போடுங்கள். 6, 7ஆம் பைட்கள் திரும்பி வந்த லேசர் வெளிச்சம், 8, 9ஆம் பைட்கள் சுற்றுப்புற வெளிச்சம், இரண்டையும் 128ஆல் வகுக்க வேண்டும். 10, 11ஆம் பைட்கள் தூரம். பைட் எண் 0இலிருந்து தொடங்குகிறது. சுற்றுப்புற எண் ஏறிக்கொண்டே போனால் ரோபோ வெயிலுக்குள் நுழைகிறது என்று பொருள். அப்போது வேகத்தைப் பாதியாக்கி, டைமிங் பட்ஜெட்டை 66 ஆக்குங்கள். செல்லாத அளவு வந்தால் பழைய அளவையே ஒன்றிரண்டு சுற்றுக்கு வைத்துக்கொண்டு என்கோடரை (சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி) நம்பி ஓட்டுங்கள். 8190 என்பதை "தூரம் 8 மீட்டர், தாராளமாக ஓடு" என்று புரோகிராம் எடுத்துக்கொண்டால் ரோபோ நேராகச் சுவரில் போய் மோதும்.

மூன்று அளவில் நடு அளவை எடுக்கும் மீடியன் போடுங்கள். சராசரி வேண்டாம். ஒரே ஒரு பொய் அளவு சராசரியை இழுத்துவிடும், மீடியனை இழுக்காது.

வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்பநிலை 8 டிகிரிக்கு மேல் மாறினால் சிப்பின் உள் அளவீட்டை மறுபடி செய்யச் சொல்கிறது இந்தச் சிப்பைத் தயாரிக்கும் எஸ்டி நிறுவனத்தின் கையேடு. இனிஷியலைஸ் கட்டளைக்குள் அந்த வேலை நடக்கிறது. காலையில் ஏசி அறையில் போட்ட சுவிட்சோடு மதியம் தகரக் கூரைக்குக் கீழே ஓட்டாதீர்கள், ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் 5 சென்சாரையும் எக்ஸ்ஷட்டால் அணைத்து எழுப்புங்கள்.

---

கொளத்தூர்_கோடு:

இவ்ளோ கஷ்டப்படறதுக்கு டிஎஃப் லூனா போட்டுடலாமே? 8 மீட்டர் பார்க்கும், கூம்பு 2 டிகிரிதான், செகண்டுக்கு 100 அளவு, வெயிலையும் இதைவிட நல்லாத் தாங்கும். தரையும் மாட்டாது.

---

ராயபுரம்_ராடார்:

லூனா அருமையான சென்சார், ஆனா இந்த மேஸுக்கு இல்லை. அது 20 செ.மீ.க்குக் கீழே நம்பகமா அளக்காது. இங்க பக்கச்சுவர் 9 செ.மீ. தூரத்துல இருக்கு, அதாவது நாலு பக்கத்து சென்சாரும் குருடு. ஒண்ணை முன்னாடி மட்டும் வெச்சு, தூரத்துல சுவர் எங்க இருக்குன்னு பார்த்து முன்கூட்டியே வேகம் குறைக்கப் பயன்படுத்தலாம். அப்படி வெச்சா கடைசி 20 செ.மீ.க்கு எல்0எக்ஸ் கூடவே இருக்கணும்.

போடறதா இருந்தா: 5ஆவது காலை கிரவுண்டுல கொடுத்துட்டு பவர் போட்டா ஐ2சி மோடு, முகவரி ஹெக்ஸ் 10. விட்டுட்டா சீரியல், 115200 வேகம். சீரியல்ல 9 பைட் பாக்கெட், முதல் ரெண்டும் 89, 89. கடைசி பைட் முன்னாடி 8ஐயும் கூட்டினதோட கீழ் 8 பிட். சிக்னல் பலம் 100க்குக் கீழேயோ 65535ஆகவோ இருந்தா அந்தத் தூரத்தை எடுத்துக்காதீங்க. பவர் 5 வோல்ட், சிக்னல் கால் 3.3 வோல்ட், நேனோவோட டிஎக்ஸை நேரா கொடுக்கக்கூடாது.

மொட்டை மாடியிலயோ பீச்லயோ ஓட்டற வண்டிக்கு லூனா. இந்த மாதிரி இறுக்கமான பாதைக்கு எல்0எக்ஸ், இல்ல காசு இருந்தா எல்1எக்ஸ். எல்1எக்ஸ்ல ஷார்ட் மோடு வெச்சா 1.3 மீட்டர்தான் பார்க்கும், ஆனா வெளிச்சத்தை நல்லாத் தாங்கும். பார்வைக் கட்டத்தை 16க்கு 16லிருந்து 4க்கு 4 வரைக்கும் சுருக்கலாம், கூம்பு 27லிருந்து 15 டிகிரிக்கு இறங்கும். சுருக்கினா வெளிச்சமும் குறையும், தூரமும் குறையும். 8க்கு 8 கட்டத்துல படமாவே தர்ற எல்5சிஎக்ஸ் நேனோவுல ஓடாது. ஒவ்வொரு தடவை பவர் போடும்போதும் 80 கிலோபைட்டுக்கு மேல ஃபர்ம்வேர் ஏத்தணும், நேனோவோட மொத்த ஃபிளாஷே 32 கிலோபைட்.

---

பெரம்பூர்_லோகோ:

பக்கத்து ஜோடியை வெச்சு கோணம் பார்க்கப் போறீங்கன்னா அதுக்கு முன்னாடி ஆஃப்செட் எடுத்துடுங்க. ஒரே பெட்டியில வாங்கின ரெண்டு சென்சாரே ஒரே சுவருக்கு 1 செ.மீ. வித்தியாசமா சொல்லும். 9 செ.மீ. இடைவெளியில 1 செ.மீ. வித்தியாசம்னா 6.3 டிகிரி. ரோபோ நேரா நிக்கும்போதே சாஞ்சு நிக்கிறதா நினைச்சு வளைஞ்சு வளைஞ்சு ஓடும். அதைச் சரிபண்ண பி.டி. கன்ட்ரோல் (ரோபோவை நேரா ஓட வைக்கிற கணக்கு) எண்ணைத் திருகிக்கிட்டு நேரத்தை வீணாக்குவீங்க.

வெள்ளை ஏ4 தாளை ஒரு தடி புத்தகத்துல ஒட்டி, சென்சார் முகத்துல இருந்து ஸ்கேல் வெச்சு சரியா 10 செ.மீ.ல நிறுத்துங்க. 50 அளவு எடுத்து சராசரி. 100 மி.மீ.லிருந்து கழிச்சா அந்த சென்சாரோட ஆஃப்செட். (இந்த ஒரு இடத்துல மட்டும் சராசரி சரி, சென்சாரும் சுவரும் அசையலை.) ஒவ்வொண்ணுக்கும் தனியா எடுத்து ஈஈப்ராம்ல (பவர் போனாலும் அழியாத நினைவு) போடுங்க. மேஸ் சுவர்லயே எடுத்தா இன்னும் நல்லது, பெயின்ட் மாறினா அளவும் கொஞ்சம் மாறும். சுவர்ல எங்கேயாவது கறுப்பு டேப் ஒட்டியிருந்தா அந்த இடத்துல அளவு ஆட்டம் போடும், முடிஞ்சா அதையும் வெள்ளை ஆக்கிடுங்க.

ஆஃப்செட் போன பிறகும் ஒவ்வொரு சென்சார்லயும் சில மி.மீ. நடுக்கம் இருக்கும். 4 மி.மீ.ன்னு வைங்க, ரெண்டையும் கழிச்சா கோணத்துல 3.6 டிகிரி நடுக்கம். அதனால பி.டி. கன்ட்ரோல்ல டி பங்கை (மாறுற வேகத்தைப் பார்க்கிற பகுதி) இந்தக் கோணத்துல இருந்து எடுக்காம என்கோடர் வித்தியாசத்துல இருந்து எடுங்க. சென்சார் கோணம் மெதுவா இழுத்துச் சரிபண்ற வேலைக்கு மட்டும் போதும்.

பக்கத்து சென்சார்களை சேசிஸ் விளிம்புல இருந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி மாட்டறது எனக்குப் பிடிச்ச முறை. சுவர் 3, 4 செ.மீ.க்குக் கிட்ட வந்தா எல்0எக்ஸ் சொல்றதை நம்ப முடியாது, ரோபோ சுவரை உரசப் போற நேரத்துலதான் அளவு முக்கியம். உள்ளே தள்ளிட்டா உரசும்போதும் 3 செ.மீ. மிச்சம் இருக்கும். தள்ளினா கூம்புக்கு வழி விடணும், முன்னாடி ரெண்டு பக்கமும் 1 செ.மீ. காலியா இருக்கட்டும்.

---

வியாசர்பாடி_வயர்:

லாங் ரேஞ்ச் அணைச்சு, கன்டினியூவஸ் மாத்தி, நிலை 11 பார்க்க ஆரம்பிச்சதும் ஜன்னல் பக்கம் இருந்த குதிப்பு பெரும்பாலும் போயிடுச்சு. லூப் 10 மில்லிசெகண்டுக்குள்ள சுத்துது. ஆஃப்செட் இன்னைக்கு எடுக்கறோம்.

கடைசியா ஒண்ணு. பசங்க கை வெச்சு அழுக்காக்கறாங்க. முன்னாடி 3 மி.மீ. அக்ரிலிக் தகடு வெச்சு மூடலாமா? கண்ணுக்குத் தெளிவாத்தானே இருக்கு.

---

மணலி_மைக்ரான்:

வேண்டாம். லேசர் வெளியே போகும் துளையும் வெளிச்சம் உள்ளே வரும் துளையும் 4.4 மி.மீ. நீளச் சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 3 மி.மீ. தகட்டின் இரண்டு முகங்களிலும் லேசர் பட்டுத் தெறித்து நேராக உள்துளைக்குள் போகும். அப்போது எதிரில் எது இருந்தாலும் அளவு குறைவாகவே வரும், தூரம் கூடக் கூடத் தவறும் கூடும். அக்ரிலிக்கில் சென்சாருக்கு நேரே 10 மி.மீ. ஓட்டை போட்டுவிடுங்கள், தகடு போர்டைக் காக்கும், சிப் திறந்திருக்கும். மூடியே ஆக வேண்டும் என்றால் 1 மி.மீ.க்கும் மெல்லிய தகடு, சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே அரை மி.மீ.க்குள் இடைவெளி, மாட்டியபின் கிராஸ்டாக் அளவீடு (தகட்டில் தெறித்து வரும் வெளிச்சத்தை அளந்து கழிப்பது), மூன்றும் வேண்டும். போலோலு லைப்ரரியில் கிராஸ்டாக் அளவீடு இல்லை. அதற்கு எஸ்டியின் முழு ஏபிஐ (பெரிய புரோகிராம் தொகுப்பு) தேவை, அது நேனோவில் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

---

காசிமேடு_கம்பி:

ஓட்டை போட்டு திறந்து விடறதா இருந்தா கடல்காத்துக்கும் ஒரு வழி பண்ணிடுங்க. கரையோரம் வெச்சிருக்கிற போர்டுல ஹெடர் பின் பச்சை பூக்கும், முதல்ல எஸ்டிஏ தொடர்பு விட்டு விட்டு வரும், லூஸ் கனெக்‌ஷன்னு நினைச்சு சும்மா அழுத்தி அழுத்திப் பார்ப்பாங்க. ஜம்பர் வயரை விட்டுட்டு ஜேஎஸ்டி கனெக்டர் போடுங்க, இல்ல நேரா சால்டர் பண்ணிடுங்க. போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாத மேல்பூச்சு) அடிக்கறதா இருந்தா சிப் மேல முதல்ல காப்டான் டேப் ஒட்டி, அடிச்சு காய்ஞ்சதும் உரிச்சுடணும். ஒரு துளி கோட்டிங் சிப் துளையில இறங்கினாலும் மைக்ரான் சொன்ன அக்ரிலிக் பிரச்சினை அப்படியே வந்து நிக்கும்.

கைரேகை, தூசிக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காது குச்சி, லேசா ஒரே பக்கமா துடைக்கணும். எப்ப துடைக்கணும்னு தெரிய வழி இருக்கு. முன்னாடி 1 மீட்டருக்கு எதுவும் இல்லாத இடத்துல ரோபோவைத் தூக்கிப் பிடிச்சு ரெஜிஸ்டர் 20ல இருந்து படிக்கிற அந்த 6, 7 பைட்டைப் பாருங்க. சுத்தமா இருந்தப்போ வந்த எண்ணை எழுதி வெச்சுக்கங்க. அது ரெண்டு மடங்கா ஆச்சுன்னா குச்சியை எடுங்க.